தென்கடல் குளிர்ந்த ஆடி

1

சென்ற மாதம் கொழும்பில் ஒரு கூட்டம் நடந்தது. வெள்ளைக்காரத் துரைமார் ஏழெட்டுப் பேரும், கோட்டுப் போட்ட நம் நிறத்தவர்கள் முப்பது பேரும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஒரு கட்டுரையை வாசிக்கக் கேட்டார்கள். வாசித்தவர் எங்கள் ஆபீஸ் தலைவர் கனகசபை. தட்டச்சு அடித்தவன் நான். அந்த உரிமையில் கடைசி வரிசையில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது.

கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். ஆடி மாதத்தில் வடக்கே இந்தியாவின் மேல் காற்றின் அழுத்தம் குறைந்து, தெற்கே பெருங்கடலின் மேல் கூடியிருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமாக ஆக, கச்சான் என்கிற மேல்காற்றின் வேகமும் அதிகமாகும். அந்தக் காற்று இலங்கையின் தென்கரையோரம் கடலின் மேல்தண்ணீரை அப்புறப்படுத்திவிடும். காலியான இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறி வரும்.

வாசித்து முடித்ததும் கைதட்டினார்கள். ஒரு துரை எழுந்து, இந்தக் கடல்களைப் பற்றி நாம் அறிந்ததோடு இது ஒரு பெரிய சேர்க்கை என்றார். தேநீர் வந்தது.

குமரிக்குப் பக்கத்துக் கரையில் பிறந்த நீங்கள் இதை வாசித்துவிட்டுச் சிரிப்பீர்கள். ஆடியில் கடலுக்குள் முழங்கால் மட்டும் இறங்கியவனுக்குத் தெரிந்ததைச் சொல்ல இத்தனை கோட்டும் மின்விசிறியும் எதற்கு என்று கேட்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே விஷயத்தை ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாளியையும் ஒரு வெப்பமானியையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் கண்டு எழுதினார். அதற்காக அவருடைய வேலை போயிற்று. அதில் என் பங்கு என்ன என்று எழுதவே இப்போது உட்கார்ந்திருக்கிறேன். இதே பத்திரிகையில் கொழும்பு ட்ராமைப் பற்றியும், காலிமுகத் திடலில் மாலை நேரத்தில் உலாவுகிறவர்களைப் பற்றியும் உங்களுக்கு ருசியாக எழுதியிருக்கிறேன். இது ருசிக்காது.

2

நான் தலைமன்னார் வழியாகக் கொழும்புக்கு வந்தபோது எனக்கு இருபத்துநாலு வயது. கொட்டாஞ்சேனையில் ஒரு சந்துக்குள் இரண்டு அறை கிடைத்தது. கல்யாணம் செய்து செண்பகத்தை அழைத்து வந்ததும் அங்கேதான், பத்மா பிறந்ததும் அங்கேதான்.

"அங்கே எல்லாம் தமிழ்தானே, உனக்கென்ன கஷ்டம்" என்று ஊரில் சொல்லி அனுப்பினார்கள். தமிழ்தான். ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கனகசபையின் முன்னால் போய் நின்று, "உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும் சார்" என்றேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் காணும், நான் என்ன பிழை செய்தனான், நீர் என்னைப் பேசுறதுக்கு?" என்றார். யாழ்ப்பாணத்தாருக்குப் பேசுவது என்றால் திட்டுவது. கதைப்பது என்று சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து மேசைக்காரர்கள் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

அதில் குற்றமில்லை. புதிதாக வந்தவனைக் கேலி செய்யாத ஊர் எது? ஆனால் ஒன்றைப் புரிந்துகொண்டேன். கொழும்பில் சட்டையும் தலைமயிரும் எப்படியிருந்தாலும், வாயைத் திறந்த மறுகணம் ஆள் எந்தக் கரை என்று தெரிந்துவிடும். சந்து முனைக் கடையில் சோனக முதலாளி, "என்னா, இந்தியாவா?" என்று அன்பாகத்தான் கேட்பார். ட்ராமில் கேட்பவர்கள் அவ்வளவு அன்பாகக் கேட்பதில்லை. ஆகையால் வாயைத் திறப்பதைக் குறைத்துக்கொண்டேன். பேசாதிருப்பது மரியாதை என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

3

எங்கள் ஆபீஸ் கடலையும் மீனையும் ஆராய்கிற ஒரு சிறிய ஆபீஸ். என் மேசையில் இரண்டு புத்தகங்கள் இருக்கும். ஒன்றில், இந்தியாவிலும் இலங்கையிலும் பல இடங்களிலிருந்து தந்தியில் வரும் காற்றழுத்தத்தை எழுதுவேன். மற்றதில், கரையோரம் நான்கு இடங்களில் தினமும் எடுக்கும் கடல் தண்ணீரின் சூட்டை எழுதுவேன். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்த நான்கு இடங்களில் ஒன்று தென்கரையில், ஒரு வெளிச்சவீட்டுக்குக் கீழே இருந்தது. அங்கே தண்ணீர் எடுத்தவர் சவரிமுத்து, நம் கரைக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கட்டுமரக் குடும்பம். தினக்கூலி வேலை. எழுத்து வாசிக்கத் தெரியாது. வெப்பமானிக்காக ஆங்கில எண்கள் மட்டும் கற்றுக்கொண்டிருந்தார். கான்வாஸ் வாளியைக் கடலில் முக்கி, குமிழைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துப் பார்த்து, அட்டையில் அந்தத் தேதிக்கு எதிரே எண்ணை எழுதி வாரம் ஒரு முறை கொழும்புக்கு அனுப்புவார். அவருடைய ஏழு, அரிவாள் மாதிரி இருக்கும்.

உடைந்த வெப்பமானியை மாற்ற அவர் முதல் முறை கொழும்பு வந்தபோது நான் இரண்டு வார்த்தைதான் சொன்னேன். அவருக்கு அது போதும். "அண்ணாச்சி நம்ம பக்கமா!" என்று முகமெல்லாம் பல்லாகிவிட்டது. வயதில் பெரியவர் என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டது என் நாற்காலிக்கு. எனக்குக் கூச்சமாக இருந்தது. பக்கத்து மேசையில் யாரும் கேட்டார்களா என்றும் பார்த்துக்கொண்டேன்.

அந்த வருஷம் ஆடியில் அவருடைய அட்டையில் பாரன்ஹீட் எண்கள் இறங்கின. எண்பத்திரண்டு, எண்பது, எழுபத்தேழு, பிறகு நான்கு நாள் எழுபத்தாறு. இங்கேதான் எங்கள் ஆபீஸின் சிவப்பு மை வருகிறது. எழுபத்தொன்பதுக்குக் கீழே ஓர் எண் வந்தால் அது பொய் எண். அதைச் சிவப்புக் கோட்டால் அடித்து, மேலே மற்ற நாட்களின் சராசரியை எழுத வேண்டும். இது கனகசபை வைத்த வழக்கம். அவரைக் குறை சொல்ல முடியாது. வேறோர் இடத்தில் ஒரு ஆள், வெப்பமானி உடைந்துபோய் ஒரு மாதமாகியும் மர நிழலில் உட்கார்ந்தபடியே நாள் தவறாமல் எண்பத்திரண்டு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தான். கொழும்புத் துறைமுகத்தில் தண்ணீர் எழுபத்தொன்பதுக்குக் கீழே போனதை யாரும் கண்டதில்லை. ஆகையால் இலங்கைக் கடலில் எங்குமே அதற்குக் கீழே போகாது என்று முடிவாயிற்று.

சவரிமுத்துவின் எழுபத்தாறை நான் அடித்தேன். என் கையால், கோடு கோணாமல்.

அடித்துக்கொண்டிருக்கும்போதே மற்றப் புத்தகம் கண்ணில் பட்டது. எண்கள் இறங்குவதற்கு மூன்று நாள் முன்னாலிருந்தே வடக்குக்கும் தெற்குக்கும் அழுத்த வித்தியாசம் ஏறிக்கொண்டே போயிருந்தது. தந்தியில் காற்று பலம் என்றும் இருந்தது. முந்தைய வருஷத்து ஆடியைப் புரட்டினேன். அதிலும் அப்படியே. வித்தியாசம் ஏறுகிறது, காற்று எழும்புகிறது, மூன்றாம் நாள் சிவப்புக் கோடு. காற்று தணிகிறது, ஐந்தாறு நாளில் சிவப்புக் கோடு நின்றுவிடுகிறது. மர நிழலில் உட்கார்ந்து பொய் எழுதுகிறவனுக்கு, டெல்லியில் காற்றின் அழுத்தம் குறைந்தது எப்படித் தெரியும்?

காய்ச்சிய பாலின் மேல் ஓரமாக ஊதினால் ஆடை விலகி அடியிலிருக்கும் பால் தெரிகிறதல்லவா, அப்படித்தான் அது. ஒரே வித்தியாசம், பூமி சுழல்வதால் கடல் தண்ணீர் காற்றுப் போகும் திசையிலேயே போவதில்லை, பூமத்திய ரேகைக்கு வடக்கே நம் பக்கத்தில் வலப்புறமாக விலகும். தென்கரையில் கச்சான் மேற்கேயிருந்து கிழக்கே ஓடுகிறது. அதற்கு வலப்புறம் தெற்கு, அதாவது நடுக்கடல். கரையோரத்துத் தண்ணீர் வெளியே போகிறது, அடித் தண்ணீர் மேலே வருகிறது. இந்தக் காரணம் எனக்கு அப்போது தெரியாது. கட்டுரையை அடிக்கும்போதுதான் தெரிந்தது. ஆனால் விஷயம் தெரியும். ஊரில் ஆடியில் குளிக்கப் போனால் கால் விறைக்கும், கரைக்குப் பக்கத்திலேயே மீன் வந்து நெருக்கும், என் அப்பா உப்பளத்துக் கணக்கர் வேலையை முடித்துவிட்டுக் கரைக்குப் போய், மலிவாய் வாங்கி வருவார்.

கனகசபையிடம் இதைச் சொல்லியிருக்கலாம். இரண்டு ஆடி சொல்லாமலே இருந்தேன். மூன்றாவது ஆடிக்கு முன்னால் அந்த உத்தரவு வந்தது.

4

அரசாங்க வேலையிலிருக்கும் இந்தியத் தினக்கூலிகளை நீக்குவது என்ற உத்தரவைப் பற்றி உங்கள் பத்திரிகைகளிலும் அப்போது எழுதினார்கள். எங்கள் ஆபீஸில் அது இப்படி வந்து சேர்ந்தது: பிந்தி வந்தவர்கள் போக வேண்டும். முந்தி வந்தவர்களில், பேரில் கறை இல்லாதவர்கள் இருக்கலாம். சவரிமுத்து முந்தி வந்தவர். கறை இருக்கிறதா இல்லையா என்று பார்க்கக் கனகசபை அவருடைய அட்டைகளைக் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று வருஷத்து ஆடியும் சிவப்பாக இருந்தது.

கிளார்க்குகளுக்கு உத்தரவு இல்லை. "இப்ப தினக்கூலி. நாளைக்கு ஆரெண்டு சொல்லேலாது" என்று கனகசபை ஒரு நாள் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? நிரந்தரமாகக் குடியிருப்பவன் என்ற சர்டிபிகேட்டுக்கு மனுப் போட்டேன்.

அந்த மனுவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். கச்சேரியில், அதாவது இங்கத்துக் கலெக்டர் ஆபீஸில், பெஞ்சு போட்டு உட்கார வைத்திருப்பார்கள். காலை ஒன்பது மணிக்குப் போனால் பன்னிரண்டு மணிக்கு, சாட்சி ஒருவர் போதாது என்பார்கள். சாட்சி இருவரோடு போனால் வாடகைச் சீட்டு பத்து வருஷத்துக்கும் வேண்டும் என்பார்கள். ஊரில் நிலம் உண்டா? இல்லை. வீடு? இல்லை. ஊருக்குப் போய் வருவதுண்டா? அப்பா இறந்தபோது ஒரு முறை. திரும்பிப் போகும் எண்ணம்? இல்லை. உறவு? எழுதும் அளவுக்கு இல்லை. ஒவ்வொரு 'இல்லை'யும் எழுத எழுத லேசாக வந்தது. அம்மா அப்போது ஊரில் உயிரோடுதான் இருந்தாள்.

இதெல்லாம் பத்மாவுக்காக என்று செண்பகத்திடம் சொன்னேன். பத்மாவுக்கு ஒன்பது வயது. கன்னியர் மடத்துப் பள்ளியில் வகுப்பில் முதலாவது. திரும்பிப் போனால் நம் ஊரில் எந்தப் பள்ளிக்கு அனுப்புவது, அதற்கு எத்தனை மைல் நடப்பது? சொன்னது பொய்யில்லை. உண்மையான காரணம் கையில் இருந்தால் எதையும் செய்துவிடலாம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கடைசியாக ஒன்றுதான் பாக்கி. ஆபீஸ் தலைவரின் நற்சாட்சிக் கடிதம். மனுவோடு சேர்த்துக் கனகசபையின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

5

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த நேரத்துக்குச் சவரிமுத்து கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்தார். திங்கட்கிழமை விசாரணைக்கு வரச் சொல்லி அவருக்குக் கடிதம் போயிருந்தது. அந்தக் கடிதத்தை அடித்ததும் நான்தான். ஒரு ஓலைப் பெட்டியில் கருவாடு கொண்டுவந்திருந்தார். பத்மாவை அழைத்து, "பாப்பா என்ன படிக்கா?" என்று கேட்டார். அவள் ஆங்கிலத்தில் ஒரு பாட்டை ஒப்பித்தாள். ஒரு வார்த்தை புரியாமல் முழுவதையும் கேட்டுவிட்டு, "எம்மா, எம்புட்டு வேகமாச் சொல்லுது!" என்றார்.

பிறகு என்னிடம் திரும்பினார்.

"அண்ணாச்சி, நான் பொய் எழுதல. மாதா மேல ஆணையாச் சொல்லுதேன். இடுப்பளவு தண்ணில நின்னுதான் வாளிய முக்குவேன். காத்து எடுத்துச்சின்னா மூணாம் நாளு தண்ணி குளுந்து போவுது. நம்மூருல ஆடில கெடக்குமே, அதே மாரி. ஐயாவுக்கு அது தெரியாது. அவரு யாழ்ப்பாணம், அந்தக் கடலு ஆழம் இல்லாத கடலு. உங்களுக்குத் தெரியும்லா."

"தெரியும்" என்றேன்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். கிளார்க்கு ஐயா சொன்னா எடுபடும்."

"நாளைக்குச் சொல்லுதேன். நீங்க பயப்படாதீங்க."

அவர் போன பிறகு செண்பகம், "பாவம்லா அந்தாளு. மறந்திராதீங்க" என்றாள். மறக்கவில்லை. அன்று மாலை அழுத்தப் புத்தகத்தில் எந்தெந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று ஒரு தாளில் குறித்துக்கூட வைத்தேன். மறுநாள் அந்தத் தாள் என் சட்டைப் பையில் இருந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். கனகசபையின் மேசையில் ஒரு பக்கம் சவரிமுத்துவின் அட்டைகள். மறு பக்கம் என் மனு, மேலே அரசாங்க முத்திரையோடு, அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக. அவர் இரண்டையும் வேண்டுமென்று அருகருகே வைக்கவில்லை. அந்த மேசையில் வேறு இடமில்லை.

"என்ன சவரிமுத்து, இது என்ன விளையாட்டு?" என்றார். "எழுபத்தாறு. எழுபத்தாறு. திரும்பவும் எழுபத்தாறு. கடல் என்ன ஐஸ் பெட்டியோ?"

"எழுதினது உள்ளதுதான் ஐயா. வாளிய முக்கி, உள்ள வச்சேதான் பாத்தேன்."

கனகசபை கொஞ்ச நேரம் அட்டைகளைப் புரட்டினார். கோபமாகத் தெரியவில்லை. யோசிப்பது போலத்தான் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். இந்த இடத்தை நான் நூறு தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் குரலில் அதட்டல் இல்லை, பரிகாசம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நீரும் அந்தக் கரைப் பக்கம் எண்டல்லோ கேள்வி. உங்கடை ஊர்க் கடல் ஆடியிலை உப்பிடிக் குளிருமோ? உண்மையா எனக்கொருக்காச் சொல்லும்."

'உங்கடை ஊர்' என்ற சொல்லில் என் கண் மனுவுக்குப் போயிற்று. எனக்கு ஊர் இல்லை என்று எட்டு இடத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது. 'ஆமாம் சார், எங்கள் ஊரில் குளிரும்' என்று சொன்னால், ஊர் உண்டு, அந்தக் கடலில் இறங்கியதுண்டு, அது இன்னும் நினைவில் உண்டு என்று ஆகிவிடும். எந்த மடையன் அதை வைத்து என் மனுவைத் தள்ளுவான்? ஒருவரும் தள்ளியிருக்க மாட்டார்கள். இன்றைக்கு அது தெரிகிறது. அன்றைக்கு, அந்தத் தாளை எழுதி எழுதி, நான் அதை நம்பத் தொடங்கியிருந்தேன்.

"எனக்குக் கடல் பழக்கமில்லை சார்" என்றேன். அது போதாதென்று, "சின்ன வயதிலேயே இங்கே வந்துவிட்டேன்" என்றும் சொன்னேன்.

சவரிமுத்து என்னைப் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த என் மனுவைப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் முத்திரை போட்ட தாள் என்றால் என்ன என்று கொழும்பில் இருந்த எந்த இந்தியனுக்கும் தெரியும். மடியிலிருந்து வெப்பமானியை உறையோடு எடுத்து, "இது கவுர்மெண்டோடது ஐயா" என்று மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

கனகசபை அட்டைகளைக் கட்டி ஒரு பக்கம் வைத்தார். பேனாவை எடுத்தார். முதலில் சவரிமுத்துவின் நீக்க உத்தரவில் கையெழுத்து, பிறகு என் கடிதத்தில் கையெழுத்து. ஒரே மை முக்கலில் இரண்டும் முடிந்தன.

6

சர்டிபிகேட் ஒரு மாதத்தில் வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நண்பர்கள் சொன்னார்கள். யார் தலை, யார் தலைப்பாகை என்று அவர்களுக்குத் தெரியாது. செண்பகத்துக்குத் தெரியும். அவள் அந்தத் தாளைத் தொடவில்லை. அலமாரியில் எங்கே வைக்கட்டும் என்று கேட்டேன். "உங்களுக்கு எங்க வசதியோ அங்க வச்சுக்கிடுங்க" என்றாள்.

பிறகு வேலை நிரந்தரமாயிற்று. யுத்தம் வந்தது. கொட்டாஞ்சேனை துறைமுகத்துக்குப் பக்கம், குண்டு விழும் என்று பலர் வெளியேறினார்கள். நாங்கள் வெள்ளவத்தைக்கு வந்தோம், கடலுக்கு இறங்கும் ஒரு சந்தில் பாதி வீடு. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வருவது கொழும்பில் ஒரு படி ஏறுவது. இப்போது தினமும் காலையில் கடலோர ரயிலில் கோட்டை ஸ்டேஷனுக்குப் போகிறேன், மாலையில் திரும்புகிறேன். ஜன்னலுக்கு வெளியே முழுத் தூரமும் கடல்தான். மறு பக்கத்து இருக்கை கிடைத்தால் அதில் உட்கார்ந்துகொள்கிறேன்.

பக்கத்து வீட்டார் யாழ்ப்பாணம். எதிர் வீட்டாரும் அப்படியே. பத்மா மூன்றே மாதத்தில் அவர்களைப் போலவே கதைக்கத் தொடங்கினாள். நல்லதுதான் என்று விட்டேன். ஒரு நாள் அவளுடைய பள்ளித் தோழி வாசலில் நின்று, "நீங்கள் எவ்விடம்?" என்று கேட்டது உள்ளே எனக்குக் கேட்டது. "நாங்களும் யாழ்ப்பாணம்தான்" என்றாள் என் மகள். கொஞ்சமும் தயங்கவில்லை. நான் படித்துக்கொண்டிருந்த பத்திரிகையைத் தொடர்ந்து படித்தேன். அவளுக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று செண்பகம் கேட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வீட்டில் பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

யுத்தக் காலத்தில் தென்கடலில் போன கப்பல்கள் தண்ணீரின் சூட்டை எடுத்திருந்தன. யுத்தம் முடிந்து அந்த எண்கள் எங்கள் ஆபீஸுக்கு வந்தபோது, ஆடியில் கரைக்கு அருகே எழுபத்தேழு, எழுபத்தாறு. கனகசபை இரண்டு நாள் தன் அறையைவிட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் பழைய அட்டைகளை எடும். சிவப்புக் கோட்டுக்குக் கீழை கிடக்கிற எண்களை எல்லாம் எனக்கு எழுதித் தாரும்."

நல்ல வேளை, எங்கள் சிவப்பு மை மட்டமானது. அரிவாள் ஏழுகள் எல்லாம் கீழே அப்படியே இருந்தன. மூன்று வருஷத்து ஆடியையும் எடுத்து, பக்கத்தில் அழுத்த வித்தியாசத்தையும் போட்டுக் கொடுத்தேன். என் சட்டைப் பையில் ஒரு நாள் இருந்த தாளில் குறித்த அதே பக்கங்கள். கனகசபை அவற்றை வரைபடமாகப் போட்டார். ஒன்று ஏற மற்றது இறங்குகிற இரண்டு கோடுகள். கூட்டத்தில் துரை வியந்தது அந்தப் படத்தைத்தான். அதன் கீழே, 'தென்கரையில் உள்ளூர் ஆள் ஒருவர் எடுத்த எண்கள்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. உள்ளூர் ஆள் இல்லை என்று துரத்தப்பட்டவரைப் பற்றி அந்த வரியை அடித்தபோது என் விரல் எங்கும் தடுக்கவில்லை.

7

கூட்டம் முடிந்து இருவரும் ஒரே ரயிலில் வெள்ளவத்தைக்குத் திரும்பினோம். கனகசபைக்கு இப்போது தலை முழுவதும் நரைத்துவிட்டது. அடுத்த வருஷம் ஓய்வு. கைதட்டல் கேட்டு வருகிற மனிதர் போல அவர் இல்லை.

"அந்த மனிசனுக்குப் பெரிய அநியாயம் செய்துபோட்டன்" என்றார். "உமக்குத் தெரியுமோ, எனக்கு அண்டைக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மூண்டு வருஷமும் ஒரே மாதத்திலை ஒருத்தன் ஏன் பொய் எழுதவேணும் எண்டு யோசிச்சனான். அதுதான் உம்மைக் கேட்டனான். அந்தக் கடலைக் கண்ட ஒருத்தர் எங்கடை ஆபீசிலை இருந்திருந்தால், நான் அந்தக் கையெழுத்தைப் போட்டிருக்க மாட்டன்."

பம்பலப்பிட்டியில் ரயில் நின்றது. அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம். இந்தியர்களுக்கு இங்கே குடியுரிமை உண்டா இல்லையா என்று தினமும் பத்திரிகைகளில் சண்டை நடக்கிற காலம் இது. நாளைக்கு வேறு சர்டிபிகேட் கேட்பார்கள், அதற்கும் ஒரு நற்சாட்சி வேண்டியிருக்கும். இவ்வளவையும் யோசித்து முடிப்பதற்குள் ரயில் புறப்பட்டுவிட்டது.

"அச்சிலை போகமுதல் அவன்ரை பேரைப் போடவேணும்" என்றார். "எங்கை இருக்கிறான் எண்டு ஒருக்கா விசாரியும்."

விசாரித்தேன். சவரிமுத்துவின் ஊர்ப் பங்குச் சாமியாருக்குக் கடிதம் எழுதினேன். நேற்றுப் பதில் வந்தது.

சவரிமுத்து உயிரோடு இருக்கிறார். கடலுக்குப் போவதில்லை. கட்டுமரத்தை விற்றுவிட்டுக் கொழும்புக்குப் போனவருக்குத் திரும்பி வந்தபோது மரமும் இல்லை, வேறொருவர் மரத்தில் இடமும் இல்லை. உப்பளத்தில் கூலி. கால் இரண்டும் புண். பெயரை அச்சில் போடலாமா என்று சாமியார் கேட்டதற்கு, "போட்டா போடட்டும், போடாட்டா போவுது" என்றாராம். வேறு ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டதற்கு ஒன்று மட்டும் கேட்டு எழுதச் சொன்னாராம். சாமியார் அதை அவர் சொன்னபடியே எழுதியிருந்தார்:

"பாப்பா படிச்சு முடிச்சிட்டாளான்னு கேளுங்க. அந்தப் பிள்ளைக்காவத்தான் அண்ணாச்சி அன்னைக்கு அப்பிடிச் சொன்னாரு. மேசையில தாளைப் பாத்ததுமே எனக்கு வெளங்கிட்டு. அது வீணாப் போயிரக்கூடாது."

இரண்டு முறை வாசித்தேன். மூன்றாம் முறை எழுத்துத் தெரியவில்லை. செண்பகம் கடிதத்தை வாங்கி வாசித்தாள். வாசித்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏழு வருஷமாக அவள் என்னைத் திட்டவில்லை, நேற்றும் திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

பத்மா பள்ளியிலிருந்து வந்தாள். பதினாறு வயது. இந்த வருஷம் பெரிய பரீட்சை. பாஸ் செய்வாள், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அம்மா கையில் தாளையும் என் முகத்தையும் பார்த்தாள். கடிதத்தை எடுத்துப் பார்த்தாள். தமிழ்க் கையெழுத்து அவளுக்கு அவ்வளவாக ஓடாது. இரண்டு வரியோடு நிறுத்திவிட்டாள்.

"ஆர் அப்பா இது? ஏன் அழுறீங்கள்?"

ஏழு வருஷத்தில் முதல் முறையாக அந்தச் சொல் என் வாயில் வந்தது. கொஞ்சம் சத்தமாகவே வந்திருக்க வேண்டும்.

"நம்ம ஊர்க்காரரும்மா" என்றேன். "நம்ம ஊரு. குமரிக்குப் பக்கத்துல, கடலோரமா…"

"அப்பா, மெல்லக் கதையுங்கோ" என்றாள் பத்மா. "பக்கத்து வீட்டிலை கேக்கும்."

எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.